பிஸ்கட் டின்னுக்குள் ஒரு வேதாகமம்

மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாடை முகத்தில் அடித்தது. துருப்பிடித்த பிஸ்கட் டின். உள்ளே, பழைய வேட்டித் துணியில் சுற்றிய வேதாகமம். அந்த வீட்டுத் தாத்தா அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். எழுத்து பர்மிய எழுத்தைப் போல வட்ட வட்டமாக இருந்தது; மொழி கரேன். அவர் காட்ட விரும்பியது கடைசி வெற்றுத் தாள்களை. பிறந்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், இறந்தவர்கள் என்று மூன்று நிற மையில் குடும்பம் முழுக்க வரிசையாக இருந்தது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இந்தியில் சொன்னார்: "இது என் அத்தை. பேர் போயிடுச்சு, தேதி மட்டும் இருக்கு."

அந்தமானில் மாயாபந்தர் பக்கத்தில் உள்ள வேபி கிராமம் இது. போர்ட் பிளேரில் (பெயர் மாற்றி ஸ்ரீ விஜயபுரம் ஆக்கியிருக்கிறார்கள், கண்டக்டர் வாயில் இன்னும் பிளேர்தான்) இருட்டோடு பஸ் ஏறி, ஜிர்காடாங்கில் வண்டி வரிசைக்குக் காத்துக் கிடந்து, ஜராவா காட்டைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸோடு படகேறி வந்து சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. 1925-ல் காடு திருத்துவதற்காக பர்மாவிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்த கரேன் குடும்பங்களின் வாரிசுகள் இங்கே இருக்கிறார்கள். பாப்டிஸ்ட் சபையார். அவர்கள் மொழிக்கு எழுத்து அமைந்ததே 1830-களில், அமெரிக்க மிஷனரிகளால்.

வேபிக்கு வருமுன், எல்லாரையும் போல நானும் முதலில் போர்ட் பிளேரின் செல்லுலார் ஜெயிலுக்குப் போனேன். 1935-ல் கைதிகள் உள்ளேயே 'கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன்' என்று அமைப்பு கட்டி, மார்க்சிய வகுப்பு நடத்திய இடம் அது. ஒலி-ஒளிக் காட்சி முடிந்து வெளியே வரும்போது ஒரு யோசனை ஓடியது. காவல் காத்தவன் எழுதிய கோப்பு டெல்லியிலும் லண்டனிலும் பத்திரமாக இருக்கிறது. காவலில் இருந்தவன் எழுதியது எங்கே?

இந்தத் தீவுகளில் காகிதம் பிழைக்க வேண்டுமானால் அது கடல் தாண்ட வேண்டும். 1857 கலகத்துக்காக நாடு கடத்தப்பட்ட மௌலானா ஃபஸ்லே ஹக் கைராபாதி, அரபியில் தன் கதையைக் கரித்துண்டால் துணியிலும் காகிதத் துண்டிலும் எழுதினார் என்பார்கள். விடுதலையாகிப் போன இன்னொரு கைதி அதை ஊருக்குக் கொண்டுபோனதால் இன்று நமக்குக் கிடைக்கிறது. எழுதியவர் 1861-ல் இங்கேயே அடங்கிவிட்டார்.

நமக்கு இன்னும் கிட்டத்துச் சங்கதி தரங்கம்பாடி. 1760-ல் அங்கே வந்திறங்கிய மொரேவியர்கள் என்ற சிறு சபையார், 1768-ல் நிகோபாரின் நன்கௌரித் தீவுக்குப் போனார்கள். காய்ச்சல் விடவில்லை. 11 பேர் நன்கௌரியிலேயே மண்ணுக்குள் போனார்கள். 13 பேர் தரங்கம்பாடி திரும்பிய கொஞ்ச காலத்தில். பிழைத்து மீண்ட ஹேன்சல் என்பவர் எழுதிய கடிதங்கள் 1812-ல் லண்டனில் புத்தகமாயின. அந்தக் கால நிகோபாரிகளை நாம் அவர் கண்ணால்தான் பார்க்கிறோம். அவர்கள் இந்த வெள்ளைச் சாமியார்களைப் பார்த்து என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்தவர் நம்மாள். வேதப்பன் சாலமோன், மதராஸ் பக்கத்து ஆங்கிலிக்கன் உபதேசியார். 1890-களின் நடுவில் கார் நிகோபாரில் மூஸ் கிராமத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தார். சர்க்காருக்கு ஏஜெண்டும் அவரே. அவரிடம் படித்த பையன் ஜான் ரிச்சர்ட்சன், பின்னாளில் நிகோபாரிகளின் முதல் பிஷப் ஆனார். புதிய ஏற்பாட்டைக் கார் நிகோபாரி மொழிக்குக் கொண்டுவந்தார். 1952-ல் மக்களவையில் உட்கார்ந்தார். சாலமோன் நாட்குறிப்பு எழுதினார். அதிலிருந்து சில பகுதிகள் 1902-ல் லண்டன் மானுடவியல் இதழில் ஆங்கிலத்தில் வந்தன. அச்சான அந்தப் பகுதிகளுக்கு ஆபத்தில்லை. கார் நிகோபாரின் கரையோர ஊர்களையோ 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வாரிக்கொண்டு போனது. வீட்டில் வைத்திருந்த காகிதம் எதுவும் அதில் தப்ப வழியில்லை.

மாயாபந்தர் திரும்பும்போது ஜீப் ஓட்டிய தம்பிக்குப் பூர்வீகம் கட்சால் தீவு. சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து ரப்பர் பால் வெட்டிய குடும்பம். "தாத்தா தோட்டத்துல இருந்து கொண்டாந்த பேப்பரு எல்லாம் ஒரு தகரப் பெட்டியில இருந்துச்சுண்ணே. சுனாமில பெட்டியோட போச்சு" என்றான். கியரை மாற்றிக்கொண்டே, பஸ் போன சேதி மாதிரி சொன்னான்.

வேபித் தாத்தா அந்தக் கடைசித் தாள்களைப் படம் எடுக்க அனுமதித்தார். ஒரு நிபந்தனை: போனில் அனுப்பக் கூடாது. "இந்த உப்புக் காத்துல போன் ரெண்டு வருஷம்கூடத் தாங்காது. காகிதத்துல அனுப்பு." ஊர் வந்ததும் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று தபாலில் வேபிக்குப் போனது. இன்னொன்று என் அலமாரியில், கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.

சாலமோன் ஊருக்கு ஒரு கடிதம்கூடவா போடாமல் இருந்திருப்பார்? நிகோபாருக்கும் பர்மாவுக்கும் போன உபதேசியார்கள், வாத்தியார்கள், தோட்டத்து ஆட்கள் வீட்டுக்கு எழுதியது உங்கள் பரணில் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள்.