அடுக்கின் அருமை

கைப்பேசிச் செயலி செய்வது என் தொழில். ஒரே நிரலை ஆண்டிராய்டு, ஐபோன் இரண்டிலும் இயங்கச் செய்யும் பிளட்டர் என்னும் கருவியின் முதல் நிலையான பதிப்பைக் கூகுள் நிறுவனம் 2018 டிசம்பரில் வெளியிட்டது. இரண்டு வேலை ஒன்றாயிற்றென்று மகிழ்ந்தேன். மகிழ்ச்சியில் ஒழுங்கை மறந்தேன்.

என் முதற் செயலியில் திரை வரைவதும், கணக்கிடுவதும், தொலைவிலுள்ள கணினியிலிருந்து தரவு கொணர்வதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒருநாள் அத்தரவின் அமைப்புச் சற்றே மாறியது. எல்லாத் திரைகளும் பழுதுபட்டன! தீபாவளிக்குச் சேலம் செல்ல இயலவில்லை. "பரவாயில்லை ராசா, வேலையைப் பார்" என்றார் அம்மா. அக்குரலின் தளர்ச்சி என் நெஞ்சை அறுத்தது.

அதன்பின் அடுக்குமுறையைப் பயின்றேன். ஓர் அடுக்கு காட்டும். ஓர் அடுக்கு தரவு கொணரும். இரண்டிற்கும் நடுவே விதிகள் அமரும். புறத்தே உள்ளவை விதிகளை அறியலாம். விதிகள் புறத்தை அறியலாகா. அமெரிக்கரான ராபர்ட் மார்ட்டின் 2012இல் விளக்கிய நெறியின் சாரம் இதுவே. தரவு மாறினால் கொணரும் அடுக்கை மட்டும் திருத்தினால் போதும். திரையில் தமிழுக்குப் பதில் கன்னடம் வேண்டுமெனில், காட்டும் அடுக்கு மட்டுமே மாறும். ஆயினும் சிறு செயலிக்கு இத்தனை அடுக்கு வேண்டா. குடிசைக்குக் கோபுரம் எதற்கு?

நாமும் அவ்வாறே வாழ்கிறோம் அல்லவா? கடைவீதியில் கன்னடம் பேசுகிறோம். இல்லத்தின் நெறி மாறுவதில்லை.

சென்ற தீபாவளிக்கு முன்னும் தரவு மாறியது. ஒரே பிற்பகலில் திருத்தி முடித்தேன். அன்று மாலையே ஓசூர் வழியாகச் சேலம் செல்லும் பேருந்தில் ஏறினேன்.