முப்பது பல்

மறையூரிலிருந்து கோவில்கடவு வரை சாலை கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே சமர்த்தாகப் போகும். பாம்பாற்றங்கரையை விட்டதும் நிமிரத் தொடங்கும். அங்கிருந்து காந்தலூர் வரை ஏற்றம் விட்டுவிட்டு வருமே தவிர முடியாது. வழியில் ஒரு வளைவு. என் மலைச் சைக்கிளின் முன்பக்கம் மூன்று பல்சக்கரம் இருந்த காலத்தில் அந்த வளைவில் பலமுறை இறங்கித் தள்ளியிருக்கிறேன். மூச்சு போதாமல் இல்லை. நடுச் சக்கரத்திலிருந்து சின்னச் சக்கரத்துக்கு மாற்றும்போது செயின் உள்பக்கம் விழுந்துவிடும்.

என் கைப்பக்குவம்தான் போதவில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றிக்கொண்டு, செயினையே பார்த்தபடி உட்கார்ந்தேன். மிதிக்கும்போது விறைத்து இழுபடுவது செயினின் மேல் பாதி. கீழ் பாதி தொய்வாகத் திரும்பி வருகிறது. பின்பக்க டீரெய்லர் தொய்ந்த பாதியைத் தொட்டு நகர்த்துவதால் சொன்னபடி கேட்கிறது. முன்பக்க டீரெய்லருக்கு வாய்த்ததோ விறைத்த பாதி. முழுப் பலத்தோடு மிதிக்கையில் அதை ஒரு தகட்டால் பக்கவாட்டில் இடித்துத் தள்ள வேண்டும். மிதியைத் தளர்த்தினால்தான் மாறும். அந்த ஏற்றத்தில் தளர்த்தினால் சைக்கிளே நின்றுவிடும். போதாக்குறைக்கு, வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளுக்கு வெளியே கரும்புச் சக்கையைக் காயப் போட்டிருப்பார்கள். மழையில் ஊறிய அந்த நார் டயரோடு ஏறி வந்து டீரெய்லர் கூண்டுக்குள் அடைந்துகொள்ளும். ஈர்க்குச்சியால் அதை நோண்டி எடுப்பதே தனி வேலை.

2012இல் ஸ்ராம் நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. முன்னால் ஒரே சக்கரம், பின்னால் 10 பல்லிலிருந்து 42 பல் வரை பதினோரு தட்டு. 2016இல் அது பன்னிரண்டு தட்டாகி 50 பல்லைத் தொட்டது. விலை எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனால் நல்ல யோசனை மேலேயே நின்றுவிடுவதில்லை. சில வருஷங்களில் 11 முதல் 46 பல் வரையிலான பத்துத் தட்டு கேசட் சாதாரண விலைக்கு வந்தது. அதுதான் இப்போது என் சைக்கிளில் இருக்கிறது.

எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு தம்பி அடிக்கடி வருவான். சைக்கிளைப் பார்த்ததும் அவன் கேட்டது: "அண்ணே, மூணு வச்சிருந்தப்பவே அந்த ஏத்தத்துல இறங்கித் தள்ளுனீங்க. ஒண்ண வச்சு எப்பிடிண்ணே ஏறுவீங்க?"

தரையில் கரிக்கட்டியால் எழுதிக் காட்டினேன். பழைய சைக்கிளின் ஆகச் சின்ன கியர் முன்னால் 22, பின்னால் 32. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 0.69 சுற்று. புதியதில் முன்னால் 30, பின்னால் 46, 0.65 சுற்று. ஒற்றைச் சக்கரம்தான் இன்னும் இலேசு. அவன் நம்பாமல் இரண்டு தடவை வகுத்துப் பார்த்தான். இன்னொன்றும் காட்டினேன். பழைய எட்டுத் தட்டின் பற்கள் 11, 13, 15, 18, 21, 24, 28, 32. புதிய பத்துத் தட்டில் அந்த எட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் 37, 46 என்று இரண்டு மட்டும் கூடியிருக்கிறது. பழைய பெட்டியில் 24 கியர் என்று அச்சடித்திருக்கும். ஆனால் 22க்கு 11 போட்டாலும் 42க்கு 21 போட்டாலும் ஒரே கியர்தானே.

முன்சக்கரத்துக்கு எத்தனை பல் என்பதில்தான் ஆட்கள் தவறு செய்கிறார்கள். 32, 34 என்று வேகத்தை நினைத்து வாங்குகிறார்கள். நீங்கள் வாரம் தவறாமல் ஏறும் ஆகச் செங்குத்தான இடம் எதுவோ, அதுதான் இந்த எண்ணைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வளைவு 30 என்றது.

புதிய சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒரு பல் தடி, அடுத்தது மெலிசு, மறுபடியும் தடி. செயினில் வெளித்தகட்டு இடைவெளி அகலம், உள்தகட்டு இடைவெளி குறுகல். அகலத்தில் தடிப்பல்லும் குறுகலில் மெலிந்த பல்லும் போய் உட்காரும். அதனால்தான் இந்த வகைச் சக்கரங்களின் பல் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. பின் டீரெய்லரில் கிளட்ச் இருக்கிறது. கல்லில் குதிக்கும்போது செயினைத் துள்ளவிடாமல் பிடித்துக்கொள்ளும். முன்னால் காவலுக்கு ஒரு தகடும் இல்லாமல் செயின் நிற்பது இந்த இரண்டையும் நம்பித்தான்.

இவ்வளவு தெரிந்தும் முதல் நாள் தப்புச் செய்தேன். பெரிய சக்கரத்தைக் கழற்றிய இடத்திலேயே, அதாவது கிராங்க் காதுகளின் வெளிப்பக்கத்திலேயே, புதியதை மாட்டிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. 46இல் போட்டதும் செயின் கரகரத்தது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றினேன். செயின் தானாகவே 37க்கும் அதற்குக் கீழும் சரிந்தது. நான் அதிக நேரம் மிதிக்கப்போவது 46இல். அங்கே செயின் ஆகக் கோணலாகப் போனால் இவ்வளவு வேலையும் வீண். மறுநாள் எல்லாவற்றையும் பிரித்துக் காதுகளின் உள்பக்கம், பழைய நடுச் சக்கரத்தின் இடத்தில் மாட்டினேன். பழைய போல்ட் இரண்டு சக்கரங்களைச் சேர்த்துப் பிடித்த நீளத்தில் இருந்ததால் இறுகவில்லை. ஒற்றைச் சக்கரத்துக்கான குட்டை போல்ட் நான்கு வாங்கினேன். சக்கரத்தை நகர்த்தியது சில மில்லிமீட்டர்தான். பெடலைப் பின்னால் சுற்றினேன், செயின் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் வைத்துக் கேட்டேன். அந்தச் சத்தம் ஒழுங்காக வந்த நிமிஷத்துக்காகவே இந்த வேலையை இன்னும் பத்து சைக்கிளுக்குச் செய்வேன்.

செயின் நீளம் பெரிய வித்தையில்லை. டீரெய்லருக்குள் நுழைக்காமல் முன்சக்கரத்தையும் 46ஐயும் சுற்றிப் போட்டு, சேரும் இடத்தில் ஒரு ஜோடி கண்ணி கூட விட்டு வெட்ட வேண்டும்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். அக்கா வீடு பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில். சின்னாறு வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் என்று போனால் மலை முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிரே கணவாய் திறந்து கிடக்கும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றை எதிர்த்து மிதிக்க 30 பல் தாராளம். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அப்போது 30க்கு 11 போட்டு நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்தாலும் என் 29 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 34 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் கால் காற்றில் சுற்றுவதுபோல் இருக்கும். பழைய 42 இருந்தால் 47 வரை போயிருக்கலாம். சித்தூர், கொல்லங்கோடு சமவெளியில் தினம் ஓட்டுகிறவர் என்னிடம் கேட்டால், முன்னால் இரண்டாவது இருக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

தம்பியும் போன மாதம் தன் சைக்கிளைக் கொண்டுவந்தான். கிராங்கில் மூன்று சக்கரமும் சேர்த்து ரிவெட் அடித்தது, பிரிக்க வழியில்லை. பின்னால் கேசட்டும் இல்லை. ஹப்பில் மரை போட்டுத் திருகிய ஏழு தட்டு ஃப்ரீவீல். கிராங்க், ஹப், டீரெய்லர், ஷிஃப்டர் எல்லாம் மாற்ற வேண்டும். செலவைச் சொன்னதும் முகம் சுருங்கியது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்ப்போம் என்றேன். இப்போதைக்கு அவன் சைக்கிளில் முன் டீரெய்லரை மட்டும் கழற்றிவிட்டு, செயினை நடுச் சக்கரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். கோவில்கடவு வரை போகிறான். அதற்கு மேல், அந்த வளைவு வந்ததும், இறங்கிக் கையாலேயே செயினைச் சின்னச் சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டு ஏறுகிறான்.