வேண்டாத பன்னீர்

சுமைவண்டி வைத்துப் பிழைப்போரிடையே அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகின்றது. டர்போ பொருத்திய பிக்கப் வண்டிகளில் இன்டர்கூலருக்குள் தண்ணீர் சேர்கிறதாம். அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குள் புகுந்து வண்டி திக்குகிறதாம், ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறதாம். அதற்கு மருந்து, இன்டர்கூலரின் அடியில் ஒரு துளை போட்டுவிடுவதாம். அரபியும் தமிழும் கற்பித்துக் காலம் கழிக்கும் நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நம்மிடம் ஓதிய பிள்ளைகளுள் பலர் இன்று வாலாஜாபாத்திலும் காஞ்சிபுரத்திலும் வண்டி ஓட்டியே குடும்பம் நடத்துகின்றனர் என்பது ஒரு விடை. காற்றிலிருந்து நீர் பிரிந்து வரும் விந்தை நமது பாடத்திற்கு அத்துணை தொலைவானதன்று என்பது மற்றொன்று.

பன்னீர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பனிநீரே பன்னீர் ஆயிற்று. நிக்காஹ் வீட்டு வாசலில் நம்மீது தெளிக்கப்படும் அந்த நீர், ரோஜா இதழ்களை நீரிலிட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரச் செய்து, துளித்துளியாய்ப் பிடித்தது. அப்படி வடிக்கும் கருவியைத் தமிழில் வாலை என்பர். அரபியில் ‘அன்பீக்’ என்பர். கிரேக்கரிடமிருந்து அரபிக்கு வந்த அச்சொல், ‘அல்’ என்னும் முன்னொட்டையும் சுமந்துகொண்டு ஐரோப்பிய மொழிகளுக்குள் போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தீ, நறுமணங்களையும் வடித்தெடுக்கும் முறைகளையும் பற்றித் தனியே ஒரு நூல் எழுதி வைத்தார். வாலைக்கு வேண்டுவன மூன்றே: சூடு, ஈரம், பின்னர்க் குளிர்ச்சி. டர்போ வண்டியிலோ இம்மூன்றும் ஒருவரும் வேண்டாமலே ஒன்றுகூடி விடுகின்றன.

எங்ஙனம் என்று பார்ப்போம். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் கோத்த மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ. 1905ஆம் ஆண்டிலேயே ஆல்ஃபிரட் பூசி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் இதற்கு உரிமை பதிவு செய்தார். இக்காலத்து டர்போவின் சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். அதே போன்று, காற்றை இரு மடங்கு அழுத்தினால் 28 பாகை வெப்பத்தில் உள்ளே வந்தது 120 பாகை அளவில் வெளியேறும். சூடான காற்று விரிந்து மெலிந்தது. அதில் எரிப்பதற்கு வேண்டிய சத்துக் குறைவு. ஆகவே முன் பம்பருக்குப் பின்னே அல்லது ரேடியேட்டருக்கு அருகே இன்டர்கூலர் என்னும் பெட்டியை வைத்து, எதிர்க்காற்றால் அதைக் குளிர்வித்து, பிறகே எஞ்சினுக்கு அனுப்புகின்றனர்.

இங்குதான் ஒரு நுட்பம் இருக்கின்றது. கார்த்திகை மழையில், 28 பாகை வெப்பத்தில், நம் பகுதிக் காற்று ஏறத்தாழ நீரால் நிறைந்து நிற்கும். ஒரு கன மீட்டர் காற்றில் 26 கிராம் அளவு நீர் ஆவியாய் மறைந்திருக்கும். அக்காற்றை இரு மடங்கு அழுத்தும்போது அதனுள் இருக்கும் ஆவியும் இரு மடங்கு நெருங்கி விடுகின்றது. நெருங்கிய ஆவி நீராவதற்கு இருபத்தெட்டு பாகைக்குக் குளிர வேண்டுவதில்லை. 39 பாகைக்கு இறங்கினாலே போதும், உட்சுவரில் வியர்க்கத் தொடங்கிவிடும். வெளியே மழை அடித்துப் பெட்டியின் தகடுகளை நனைத்துக்கொண்டிருக்க, உள்ளே 39 பாகைக்குக் கீழே வராமல் இருப்பது எப்படி? இரண்டரை லிட்டர் எஞ்சின் ஒன்று பாரத்தோடு ஓடுகையில் ஒரு நிமிடத்தில் 100 கிராமுக்கு மேல் நீர் ஆவியாகவே அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். அதில் சிறு பங்கு துளியாகி அடியில் தங்கினாலும், ஒரு மணி நேரத்தில் தேங்குவது கொஞ்சமாயிராது.

தேங்குவதனால் மட்டும் கேடில்லை. மென்மையாக ஓட்டும்போது குழாயில் காற்றோட்டம் மெதுவானது. நீர் அடியிலேயே கிடக்கும். முன்னே போகும் லாரியைத் தாண்ட எண்ணி ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாய் மிதித்தால், புயலெனக் கிளம்பும் காற்று தேங்கிய நீரை வாரிக்கொண்டு போய் எஞ்சினுக்குள் கொட்டும்.

இது நடந்த கதையே. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2011ஆம் ஆண்டு வரிசையிலிருந்து எஃப்-150 என்னும் தன் புகழ்பெற்ற பிக்கப்பில் ‘ஈக்கோபூஸ்ட்’ என்ற மூன்றரை லிட்டர் எஞ்சினைப் பொருத்தியது. ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 365 குதிரைத்திறன், எரிபொருள் பெட்ரோல். மழையிலோ புழுக்கத்திலோ நெடுஞ்சாலையில் ஒரே சீராய் நெடுந்தூரம் வந்தபின், முந்துவதற்காக மிதிக்கும் அந்த நொடியில் வண்டி நடுங்கி வலுவிழப்பதாக உரிமையாளர்கள் முறையிட்டனர். எதிரே வண்டி வரும் பாதையில், பாதி முந்திய நிலையில், வலு போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2013இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை தொடங்கியது, வழக்குகளும் தொடரப்பட்டன.

காரணம் என்னவென்றால், அந்த இன்டர்கூலர் கெட்டிக்காரத்தனமாய் அமைந்ததுதான். கனத்த இழுவண்டியை மலையேற்றும் சூட்டைத் தாங்கும்படி செய்யப்பட்ட அது, வெறும் வண்டியாய்ச் சமதரையில் ஓடும்போது அளவுக்கு மீறிக் குளிர்வித்தது. எனவே நிறுவனம் தந்த திருத்தங்களுள் ஒன்று, குளிர்ச்சியைக் கூட்டுவதன்று, குறைப்பது. இன்டர்கூலரின் ஒரு பகுதிக்குக் காற்றுப் படாதவாறு தடுப்புத் தகடு வைத்தனர்; கணினிக் கட்டளைகளையும் மாற்றினர். இதற்கிடையே உரிமையாளர்களிற் சிலர் தாமே ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் அடியில் துளையிட்டு நீரைக் கசிய விட்டனர். நம் பக்கத்தில் இன்று அடிபடும் ‘துளை வைத்தியம்’ அங்கிருந்து வந்ததே.

வந்த சரக்கு நமக்குப் பொருந்துமா என்பதே கேள்வி. அவர்களுடையது பெட்ரோல் எஞ்சின். அதில் தீ மூட்டுவது ஸ்பார்க் பிளக்கின் ஒரு சிறு பொறி. அந்த முனையில் நீர் பட்டால் பொறி எழாது; எழுந்தாலும் தீ பரவாது. ஒரு சிலிண்டர் எரியாமல் போனதை எஞ்சின் சுழலும் வேகத்தின் தடுமாற்றத்தால் கணினி கண்டுகொண்டு, பாதுகாப்புக்காக வலுவைக் குறைத்துவிடும். நம் ஊர்களில் ஓடும் டர்போ பிக்கப்புகளோ பெரும்பாலும் டீசல். டீசலில் பொறியே கிடையாது. காற்றை அழுத்தும் அழுத்தில் 500 பாகைக்கு மேல் சூடேறி, பீய்ச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். அந்த உலையில் சில துளி நீர் வந்தால் ஆவியாய்ப் போய்விடும். குவளை குவளையாய் வந்தாலன்றித் தொல்லையில்லை.

சொல்லப்போனால், அளவோடு வரும் நீர் எஞ்சினுக்கு மருந்தும் ஆகும். இரண்டாம் உலகப் போரின் விமானங்களில் எஞ்சினின் சூட்டைத் தணித்து வலுவைக் கூட்ட நீரும் மெத்தனாலும் கலந்து பீய்ச்சினர். 2016இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் எம்-4 ஜிடிஎஸ் காரில் நீர் தெளிக்கும் அமைப்பையே பொருத்தி விற்றது. பனிப்புகையாய், எண்ணிய அளவில் தெளித்தால் மருந்து. தேங்கிக் கிடந்து ஒரேயடியாய்க் கொட்டினால் நோய். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலசாலை ஒன்றின் கணக்கு வெட்டப்பட்டிருக்கின்றது. நோயாளர்க்குக் கட்டில் பதினைந்து. மருத்துவருக்கு இவ்வளவு, அறுவை செய்வோருக்கு இவ்வளவு, இன்ன மருந்து இத்தனை என்று அளவு குறித்தே பேசுகின்ற கல்வெட்டு அது. அளவு தெரியாத வைத்தியத்தை அக்காலத்தவர் கல்லில் வெட்டவில்லை.

துளை வைத்தியம் நம் வாசலுக்கே வந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மிடம் ஓதிய பிள்ளை ஒருவர் தவணையில் வாங்கிய பிக்கப்பில் அரிசி மூட்டையும் காய்கறியும் ஏற்றிப் பிழைப்பவர். ஐப்பசி மழை முடியும் தறுவாயில், திருமுக்கூடல் பாலாற்றுப் பாலத்தின்மேல், பின்னால் ஜல்லி லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு நிற்க, அவருடைய வண்டி திக்கித் திக்கி நின்றுவிட்டது. ஒரு பட்டறையில், நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டனர். அவருடைய மூன்று மாதச் சம்பாத்தியம் அதற்கே போய்விடும். தோழர் ஒருவரோ அமெரிக்கப் படம் ஒன்றைக் காட்டி, துளை போட்டால் தீர்ந்தது என்றார். இன்டர்கூலரின் கீழ்க்குழாயைக் கழற்றியபோது, பழுப்பு எண்ணெயோடு கலந்து பால்போல் சிறிது நீர் வந்தது உண்மை.

“ஹஜ்ரத், தண்ணி கண்ணால பாத்துட்டேன். ஓட்டை போட்டுரலாமா?” என்றார்.

“பொறுங்கள் தம்பி. வண்டி எப்போது திக்குகிறது? மிதித்து முந்தும்போது மட்டுமா, சும்மா நிற்கையிலுமா?”

“சும்மா நிக்கையிலயும் ஆடுது ஹஜ்ரத். காலையில ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை.”

இலக்கணத்தில் ஒரு சொல்லின் வேரைத் தேடுகிறவனுக்கு இந்த விடையே போதும். இன்டர்கூலர் நீரால் வரும் கோளாறு, நெடுநேரம் மெதுவாய் வந்து திடீரென மிதிக்கும்போது வரும்; நீர் தீர்ந்த சில நொடிகளில் தானே விலகும். நிற்கையிலும் ஆடுகின்ற வண்டிக்கு நோய் காற்றுவழியில் இராது, எண்ணெய் வழியில் இருக்கும். வாலாஜாபாத்தில் நமக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பேச்சை வளர்க்காமல் டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகை ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் திறந்துவிட்டார். மேலே டீசல் நிற்க, அடியில் இரு விரற்கடை தெளிந்த தண்ணீர்! டாங்கி மூடியின் ரப்பர் கிழிந்திருந்தது. வண்டி இரவெல்லாம் கூரைத் தாழ்வாரத்துத் தண்ணீர் விழும் இடத்தில் நின்றிருந்தது. ஃபில்டரில் நீர் சேர்ந்ததற்கான விளக்கு ஒரு மாதமாகவே எரிந்துகொண்டிருந்ததாம். அது ஹெட்லைட் சம்பந்தமானது என்று தம்பி எண்ணியிருந்தார்.

டாங்கியைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, கைப்பம்பை அழுத்திக் காற்றை நீக்கியதும் வண்டி சீராய் ஓடியது. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் இன்ஜெக்டர் உண்மையாகவே போயிருக்கும். இக்காலத்து டீசல் எஞ்சினில் எண்ணெய் 1600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பாய்கின்றது. அந்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழுவழுப்பைத் தருவதே டீசல்தான். நீர் அவ்விடத்தைப் பிடித்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும்.

துளையைப் பற்றி அந்த முதியவர் சொன்ன ஒரு செய்தி நமக்கு மிகவும் பிடித்தது. அழுத்தம் இருக்கும்போது துளைவழியே காற்று வெளியே போகும். அழுத்தம் இல்லாத வேளையில் வெளிக்காற்று உள்ளே வரும். ஜல்லிக் கிரஷர்களின் வெண்தூசு எப்போதும் பறக்கின்ற இந்தச் சாலையில், ஏர் ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் ஒரு வாசலைத் திறந்து வைப்பது திருடனுக்குத் திண்ணை காட்டுவது போலாம். கீழ்க்குழாயை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், கழற்றித் துடைத்து மாட்டுவதே அவர் முறை. எண்ணெய் அளவுக்கு மீறி வந்தால் மட்டும் டர்போவைச் சந்தேகிக்க வேண்டும் என்றார்.

ஆனால் டர்போ வைத்த பெட்ரோல் கார்கள் இப்போது நம் சாலைகளிலும் பெருகி வருகின்றன. அமெரிக்கக் கதையை அவற்றை ஓட்டுவோர் அயலார் கதையென்று தள்ளிவிடலாகாது. அடைமழையில் நெடுநேரம் மெல்ல வந்தவர், முந்துவதற்கு முன்னரே ஓரிருமுறை சிறிது சிறிதாய் மிதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. தேங்கியது ஏதேனும் இருந்தால் சிறு துளிகளாய்ப் போய்விடும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி தேய்மானத்தால் அகன்றிருந்தால் ஈரத்தில் பொறி தவறுவது எளிது. மழைக்காலத்துக்கு முன்பே அதை அளந்து பார்க்கச் சொல்லலாம். மூன்று முறை நிதானமாய் விளக்கியும் நம் தம்பி, “அப்ப அந்த ஓட்டை வேணாமா?” என்று இன்னும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மூட்டை ஏற்றப் போனார்.