செப்பில் பதிந்த கைரேகை

ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது தெருவில் அமெரிக்காவின் முதல் நாணயச் சாலையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். 1792இல் எழும்பிய அந்தச் செங்கல் கட்டடங்களில் 1911க்குப் பிறகு எதுவும் மிஞ்சவில்லை. அந்த இடத்தில் இப்போது மத்திய அரசு அலுவலகம். ஞாபகத்துக்கு ஒரு பலகை.

ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களின் கைவண்ணம் அழியவில்லை. அது அவர்கள் அடித்த பெரிய செப்பு சென்ட்களில் இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் உருக்கு அச்சுகளைக் கையால் செதுக்கினார்கள். ஒன்றுபோல் இன்னொன்று அமையாது. விரிசல் விட்டால் புது அச்சு, புது வித்தியாசம்.

1793இல் ஓர் அச்சு, நாட்டின் பெயரையே 'அமெரி' என்று பாதியில் நிறுத்தியது. 1794இன் இன்னொன்றில் விளிம்பைச் சுற்றி 94 பொடி நட்சத்திரங்கள். இவற்றுக்காகத்தான் சேகரிப்பாளர்கள் லென்ஸும் கையுமாக அலைகிறார்கள்.

வகைகளுக்கு எண் கொடுத்து 1949இல் புத்தகம் போட்டவர் வில்லியம் ஷெல்டன். இன்றும் அவர் எண்தான் வேதம். அவர் 1977இல் இறந்த பிறகு வெளிவந்தது இன்னொரு கணக்கு: நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் கழகத்திலிருந்த 129 நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு, மட்டமானவற்றை வைத்திருந்தார். பழைய புகைப்படங்களில் பதிவான கீறல்களும் வடுக்களும் காட்டிக்கொடுத்தன. காசைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரையே காசு விடவில்லை.

ஏழாவது தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இன்றைய நாணயச் சாலை. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான கடைசி சென்ட் அங்கே அடிக்கப்பட்டது. முதல் சென்ட்களைத் தேடுகிறவர்கள் மட்டும் இன்னும் ஓயவில்லை.