ஜரிகையைத் தின்னலாமா?

ஆரணிப் பட்டு என்றால் எல்லோரும் பார்டர், முந்தி என்றுதான் ஆரம்பிப்பார்கள். இங்கே கேள்வியே வேற... அந்த ஜரிகை வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? சிரிக்காதீங்க! அம்மாவின் முந்தியைச் சப்பாத குழந்தை உண்டா?

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. சுத்தத் தங்கம் வயிற்றில் எதோடும் சேராது. போன மாதிரியே வெளியே வந்துவிடும். துளியூண்டு வெள்ளியும் பெரும்பாலும் அப்படித்தான். அதே வெள்ளிதானே கல்யாண வீட்டில் காஜு கத்லி மேல் இலையாக ஒட்டிக்கொண்டு வருகிறது!

அப்படியானால் வெள்ளி உடம்புக்கு நல்லதா? அங்கேதான் தப்பு. அமெரிக்காவில் பால் கராசன் என்பவர் வெள்ளி கலந்த தண்ணீரை வீட்டிலேயே தயாரித்து, மருந்து என்று நம்பி வருடக்கணக்கில் குடித்தார். தோல் நீலமாகிவிட்டது. 2013-ல் இறக்கும் வரை அந்த நிறம் போகவில்லை. இதற்கு ஆர்ஜிரியா என்று பெயர்.

அளவு மட்டுமில்லை, எந்த உலோகம் என்பதும் முக்கியம். ஈயச்சொம்பு ரசம் தெரியும் இல்லையா? அந்தச் சொம்பு வெள்ளீயம். அதில் காரீயம் கலந்திருந்தால், புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம் அது. கொடுமை என்னவென்றால், லெட் அசிடேட் என்ற காரீய உப்பு நாக்கில் இனிக்கும்! ஆக, நாக்கை நம்பி எதையும் சோதிக்கக் கூடாது. ஷீலே என்ற ஸ்வீடன் விஞ்ஞானி தான் கண்டுபிடித்ததை எல்லாம் ருசி பார்த்தவர்; 1786-ல் 43 வயதிலேயே போய்ச் சேர்ந்தார்.

ஸ்வீட் மேல் இருப்பது வெள்ளியா அலுமினியமா என்று சந்தேகமா? இலையை எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். வெள்ளி பொடியாகி மறைந்துவிடும். அலுமினியம் குட்டி உருண்டையாகத் திரளும்.

முந்தியைச் சப்பும் குழந்தை? ஒரு தடவைக்குப் பதற வேண்டாம். ஆனால் விலை குறைந்த ஜரிகையில் செம்பு இருக்கும், பிரிந்த நூல் தொண்டையில் சிக்கலாம். மெல்ல உருவிவிடுங்கள். புடவைக்கும் அதுதான் நல்லது :-)