அரசினர் உதவியும் கடைசற் பட்டறையும்

சென்ற கோடை விடுமுறையின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரில் என் தாய்மாமனது கடைசற் பட்டறையிலே கழித்தேன். பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்சாலைகள் அந்நகரில் மலிந்திருப்பதை யாவரும் அறிவர். அவற்றுக்கு உறுப்புக்கள் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளோ எண்ணிறந்தன. எம் மாமனது பட்டறையில் பழைய லேத்துகள் மூன்றும், எண்களால் இயங்கும் 'சி.என்.சி.' இயந்திரம் ஒன்றும் இருக்கின்றன. பழையவற்றுக்கு அதிபதி, எல்லாரும் மேஸ்திரி என்றழைக்கும் ஒரு முதியவர். புதியதற்கு அச்சமயம் அதிபதி எவருமிலர். அதனை இயக்கப் பழகிய இளைஞர் மூவரும், கூடுதலான சம்பளத்தை நாடி, ஒருவர்பின் ஒருவராகப் பெரிய தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டனர். "மாப்பிள்ளை, கணிதந்தானே படிக்கிறீர்? நீர் சற்றுப் பாரும்" என்று மாமா என்னை அதன்முன் நிறுத்தினார்.

அவ்வியந்திரம் 2019-ஆம் ஆண்டில் வங்கிக் கடனால் வாங்கப்பட்டது. சிறு தொழிலாளர் புதுமுறை இயந்திரம் வாங்கக் கொள்ளுங் கடனில், ஒரு கோடி ரூபாய் வரையில், நூற்றுக்குப் பதினைந்து வீதம் மானியமளிக்கும் திட்டமொன்றை நடுவணரசினர் அந்நாளில் நடத்திவந்தனர். அதனை நம்பியே மாமா துணிந்தார். மானியமும் வந்தது, ஆயின் ஏதோ ஓர் அலுவலகத்தில் தாள்கள் உறங்கிய மாதங்களுக்கெல்லாம் வட்டியைச் செலுத்தியவர் அவரே. உதவி பெற்றவன் குறைகூறுதல் தகாது என்பது அவர் கொள்கை. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

இத்தகைய இயந்திரங்கள் தனி வணிகரின் ஊக்கத்தாலேயே பிறந்தன என்று யான் எண்ணியிருந்தேன். நூல்களைப் புரட்டியபொழுது உண்மை வேறாயிருந்தது. அமெரிக்க வான்படையினரின் பொருளுதவியைக் கொண்டு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ஆம் ஆண்டில் இதனை இயக்கிக் காட்டினர். வானூர்தி உறுப்புக்களின் வளைவுகளைப் பிழையின்றிச் செதுக்கவேண்டியிருந்தமையே அதற்குக் காரணம். வாங்குவார் அரியராயிருந்த அக்காலத்தில், அவ்வான்படையினரே நூற்றுக்கு மேற்பட்ட இயந்திரங்களுக்குப் பொருள் கொடுத்துத் தொழிற்சாலைகளில் நிறுவச் செய்தனர். இவை 'டிஜிட்டல்' காலத்து இயந்திரங்கள் என்கிறோம். அச்சொல்லின் மூலமோ இலத்தீனில் விரலைக் குறிப்பது. விரல்விட்டு எண்ணியதனால் எண்ணுக்கும் அதுவே பெயராயிற்று. அரசினர் ஊட்டி வளர்த்த எண்கள், எங்கள் பட்டறைக்கு வந்து ஒரு விரலின் பிழையால் என்ன செய்தன என்பதை இனிக் கூறுகிறேன்.

பம்பு ஷாப்ட் இருநூறு கடைந்து கொடுக்க நாள் குறித்து ஒப்புக்கொண்டிருந்தோம். ஓரளவு பழகிவிட்டேனென்ற துணிவில், எட்டாம் நாள் யானே புரோகிராமைத் திருத்தினேன். விட்டம் முப்பது மில்லிமீட்டர் என்பதற்கு 30 என்று தட்டினேன். அதன்பின் ஒரு புள்ளி இடவில்லை. பள்ளிக் கணக்கில் அப்புள்ளியால் யாதொரு வேறுபாடும் இல்லை. அவ்வியந்திரமோ, புள்ளியில்லாத எண்ணை மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்காகக் கொள்ளும். ஆதலால் மேற்புறத்தைச் சீவவேண்டிய கருவி, ஷாப்டின் நடு அச்சை நோக்கிப் பாய்ந்தது. அடுத்த லேத்திலிருந்த மேஸ்திரி, ஒலி மாறிய அக்கணமே ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அதற்குள் கருவியின் முனை ஒடிந்து, அதனைத் தாங்கிய பகுதியும் நிலைபெயர்ந்தது. செப்பனிடுவோர் வந்து சரிசெய்ய நான்கு நாட்களாயின. மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மாதத் தவணைச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பெட்டிக்குள் வைத்தார். கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

எஞ்சிய ஷாப்ட்களை மேஸ்திரி இரவும் பகலுமாகப் பழைய லேத்திலேயே கடைந்தார். யான் அருகிருந்து மைக்ரோமீட்டரால் அளந்தேன். நூற்றிலொரு பங்கு மில்லிமீட்டர் தவறுமிடத்து, யான் அளக்குமுன்னரே அவர் விரல் அதனை உணர்ந்துவிடும். ஒன்பது ஷாப்ட்களையே கழிக்க நேர்ந்தது. ஆயினும் இரண்டு நாள் தாமதமாயிற்று. அடுத்த மாதத்து வேலையில் பாதியை அவ்வாடிக்கையாளர் வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று முதல் என் மனத்தை விட்டகலாத எண்ணம் ஒன்றுண்டு. இயந்திரத்துக்கு விலைச்சீட்டு இருக்கிறது. ஆகவே அதற்கு மானியம் கணக்கிடலாம். மேஸ்திரியின் செவிக்கும் விரலுக்கும் விலைச்சீட்டில்லை. நம் மாநில அரசினர் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுமுறை இயந்திரங்களுடன் புதுப்பிக்கத் திட்டமிட்டு நடத்தியது நற்செயலே. ஆயின் அவற்றிற் பயின்று வெளிவரும் இளைஞர் பெரிய தொழிற்சாலைகளை நாடுவது இயல்பு. அவர்களை யான் குறைகூறேன். நாற்பதாண்டு ஒரே பட்டறையில் நிற்பவருக்குப் புதிய இயந்திரத்தை அவர் நிற்குமிடத்திலேயே கற்பிப்பவர் யார்? ஜப்பானியர் 1956-ஆம் ஆண்டில் இயந்திரத் தொழிலை வளர்ப்பதற்கெனத் தனிச் சட்டமியற்றிக் குறைந்த வட்டிக்குக் கடனளித்தனர். அதனோடு, மாகாணந்தோறும் அரசினர் சோதனைச் சாலைகளும் அங்கு இருந்தன. சிறு பட்டறைக்காரனும் தான் செய்த உறுப்பைக் கொண்டுசென்று அளந்து, பிழையின் காரணத்தைக் கேட்டறியலாம். 1980-களின் தொடக்கத்தில் இயந்திரக் கருவிகள் செய்வதில் அந்நாடு அமெரிக்காவை விஞ்சியதற்குக் காரணங்கள் பல. இச்சாலைகளுக்கும் அதிற் பங்குண்டென்றே கருதுகிறேன்.

இயந்திரம் சீரானபின் மேஸ்திரி ஒரு நோட்டுப் புத்தகத்துடன் என்னிடம் வந்தார். "தம்பி, இங்கிலீஷ் எனக்கு ஓடாதுங்க, அது பேசுறதைத் தமிழிலே எழுதிக் குடுங்க" என்றார். 'ஜி 00 - வெட்டாமல் விரைந்து செல். ஜி 01 - வெட்டிக்கொண்டு நேரே செல்' என்று தொடங்கி நான்கு பக்கங்கள் எழுதிக் கொடுத்தேன். அவர் அவற்றை மெல்லப் படித்துப் பார்த்து, முதற்பக்கத்தின் மேலே சிவப்புப் பென்சிலாற் பெரியதொரு புள்ளியிட்டுக்கொண்டார். விடுமுறை முடிந்து யான் புறப்படுமுன் பன்னிரண்டு ஷாப்ட்களை அவரே அவ்வியந்திரத்திற் கடைந்தார். பன்னிரண்டும் அளவுக்குச் சரியாயிருந்தன.