சத்திரச் சாலையும் சுங்கச் சாலையும்

பியூப்லா, மெக்சிகோ.

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

மெக்சிகோ தேசத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் எந்த வாகனத்தில் ஏறுவது உத்தமம் என்று வேடசந்தூர் அன்பர் ஒருவர் கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். ரயிலை நம்பி வர வேண்டாம். தொண்ணூறுகளில் இருப்புப் பாதைகளைத் தனியாரிடம் ஒப்படைத்த பிறகு பிரயாணிகளுக்கான வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே நின்றுபோயின. தென்கிழக்கே 2023-இல் மாயா ரயில் என்று ஒன்று ஓடத் தொடங்கியிருக்கிறதென்றாலும், ஜனங்கள் இன்றைக்கும் பஸ்ஸில்தான் போகிறார்கள். அந்த பஸ்ஸிலும் இரண்டு ஜாதி உண்டு. முதல் வகுப்பு வண்டி, திரைச்சீலையும் குளிர்காற்றும் சினிமாவுமாகச் சுங்கச் சாலையில் ஏறி, எந்த ஊரின் முகத்திலும் விழிக்காமல் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாம் வகுப்பு வண்டியோ, சுங்கமில்லாத பழைய சாலையிலே, கை காட்டிய இடத்திலெல்லாம் நின்று, ஒவ்வோர் ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் நுழைந்து வெளிவரும். தேசத்தைப் பார்க்க விரும்புகிறவர் இரண்டாவதில் ஏற வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயம் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில் எனக்கு உண்டாயிற்று.

ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று சத்திரங்களின் பெயரையே ஊர்ப்பெயராகத் தாங்கிக்கொண்டு, தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையாகச் செல்லும் பக்தர்களை இன்றும் ஓரத்தில் நடத்திச் செல்லும் சாலை அது. சாலை போட்டு மரம் நட்டுச் சத்திரம் கட்டியதற்காகவே மக்கள் நினைவில் நிற்கிறவள், 1689 முதல் 1706 வரை மதுரைச் சீமையை ஆண்ட ராணி மங்கம்மாள். திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவள் பெயரை இட்டிருந்தார்கள். 1997-இல் ஜாதிக் கலவரங்களை முன்னிட்டுக் கழகங்களின் பெயர்கள் யாவற்றையும் நீக்கியபோது, ஒரு குற்றமும் செய்யாத அந்தப் பெயரும் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

சாதாரண வண்டி ஒட்டன்சத்திரத்துக்குள் நுழையும்போது, கேரளத்துக்கே காய்கறி அனுப்பும் அந்தப் பெரிய சந்தையின் தக்காளிப் பெட்டிகளும் மிளகாய் மூட்டைகளும் பரங்கிக்காய்க் குவியலும் முருங்கைக்காய்க் கட்டுகளும் ஜன்னலோரத்தில் வரிசையாக வந்து நிற்கும். இவற்றுள் முருங்கை ஒன்றுதான் நம்முடையது. மற்றவை பதினாறாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் கப்பலேறி வந்தவை. அவற்றைக் காட்டிலிருந்து கொல்லைக்குக் கொண்டுவந்து பழக்கியவர்களின் சந்ததியார்தாம் இப்போது மெக்சிகோவில் நான் ஏறும் வண்டியில் கூடையும் கையுமாகப் பக்கத்தில் உட்காருகிறார்கள். பியூப்லாவிலிருந்து தென்கிழக்கே தெவகான் பள்ளத்தாக்குக்குப் பழைய சாலையில் இறங்கினால், தூண் தூணாகக் கள்ளிகள் நிற்கும் வறண்ட மலைச்சாரலும், திண்டுக்கல் தண்டவாள ஓரத்தில் நாம் ரயில் கற்றாழை என்று சொல்லும் அதே கற்றாழையின் உறவினங்களும் தென்படும். அந்தப் பிரதேசத்துக் குகைகளில், 1960-களில், ரிச்சர்ட் மக்நீஷ் என்ற தொல்லியல் அறிஞர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மக்காச்சோளக் கதிர்களைத் தோண்டியெடுத்தார். சுண்டுவிரலளவே இருந்த அந்தக் கதிரின் வம்சம்தான் நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் கோழித்தீவனத்துக்காக ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது.

பூவின் கதையும் இதுவே. ஆயுத பூஜைக்கு முன்னால் நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து திண்டுக்கல் பூச்சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும் செண்டுப்பூவுக்கும், வருஷம் முழுவதும் வரும் சம்பங்கிக்கும் தாய்நாடு மெக்சிகோ. அக்டோபர் கடைசியில் அத்லிஸ்கோவுக்குப் போகும் வண்டியில் ஏறினால், போபோகாத்தேபெத்தில் என்னும் எரிமலை ஒருபுறம் புகைந்துகொண்டிருக்க, மறுபுறம் வயலெல்லாம் செண்டுப்பூவாகத் தெரியும். நவம்பர் முதலிரண்டு தேதிகளில் இறந்தோருக்குப் படையல் வைக்கும் சம்பிரதாயம் இங்கே உண்டு. அங்கே அம்மனுக்கு மாலையாகிற பூ இங்கே பித்ருக்களுக்குப் பாதை காட்டுகிறது.

நாமும் கடனாளியாக இருந்துவிடவில்லை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் வழியாக வந்த கீழ்த்திசை மாம்பழத்தை, இங்கே மணிலா மாம்பழம் என்றே கூவி விற்கிறார்கள். நத்தம் சாலையில் நிழல் தரும் புளி இங்கே பானகமாகவும், மிளகாய் தூவிய மிட்டாயாகவும் பஸ்ஸுக்குள் ஏறி வருகிறது. ஆயக்குடிக் கொய்யாவைப் பிளந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் வைத்து ஜன்னலுக்கு நீட்டுகிற நம் ஊர் வியாபாரம், எலுமிச்சைச்சாறு ஒன்று கூடுதலாக, மாங்காய்த்துண்டிலும் வெள்ளரித்துண்டிலும் இங்கே நடக்கிறது.

வித்தியாசங்களும் உண்டு. ஓட்டுநரின் தலைக்கு மேலே முருகன் இருக்க வேண்டிய இடத்தில் குவாதலூப்பே மாதா இருக்கிறாள்; அது பெரிய விஷயமில்லை. நடத்துநர் இல்லாததுதான் பெரிய குறை. விசில் கிடையாது, 'ரைட் போலாம்' கிடையாது, துண்டு போட்டு இடம் பிடித்தவரோடு வழக்காடி நியாயம் வழங்க ஆளும் கிடையாது. நம் ஊர்ச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்று அடுத்த வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். அரசாங்கத்துக்கு நஷ்டமில்லையா என்று கேட்டுவிட்டு, தம் மகள் சந்தைக்குப் போய்வரும் வாரச் செலவை மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நம்மிடத்திலும் இடைநில்லா வண்டிகள் பெருகி வருகின்றன. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நான்கு வழிச் சாலையில் பறக்கிறவருக்குச் சின்னாளபட்டியின் சுங்கிடிச் சேலையும் தெரியாது, தறிச்சத்தமும் கேட்காது; அரைமணி மிச்சம் என்பார்கள், ஆரப்பாளையத்தில் இறங்கி நகர வண்டிக்குக் காத்திருப்பதில் அந்த அரைமணியும் கரைந்துவிடும்.

ஆகவே அன்பரிடம், பகலில் இரண்டாம் வகுப்பு வண்டியில் பிரயாணம் செய்யச் சொல்லுங்கள். இரவில் மட்டும் வேண்டாம். வழிப்பறிப் பயம் உள்ள சாலைகள் இங்கு உண்டாகையால், இருட்டிய பின் சுங்கச் சாலை வண்டியே க்ஷேமம். சட்டைப்பையில் சில்லறை நிறைய இருக்கட்டும். ஓட்டுநரே டிக்கெட்டும் கொடுக்கிறவர். ஐந்நூறு பெஸோ நோட்டை நீட்டினால், நம் ஊர் நடத்துநர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்ப்பார்.

இப்படிக்கு,
தங்கள் அன்பன்.